பொட்டலத்தில் கட்டிய பிளக்குகள்

பூசாரி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற அந்த நொடியில்தான் எனக்கு யோசனை வந்தது.

ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வம் கோயிலில் பூ கேட்க நின்றிருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தை முடிவு செய்ய முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் சாமியிடம் பூ கேட்டுவிடுவார்கள். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் ஒரே அளவு வாழை இலைத் துண்டில் மடித்து, ஒரே மாதிரி நார் சுற்றி, சாமி காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கட்டும்போது பூசாரி திரும்பிக்கொள்ள வேண்டும். கட்டியவர் குழந்தையின் கண்ணில் படாமல் தள்ளிப் போய்விட வேண்டும். எந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எடுக்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது.

அன்றைக்கு அப்பா கேட்ட கேள்வி, அம்மா ஓட்டும் காரை மேச்சேரியில் இருக்கும் அத்தை மகனுக்குக் கொடுத்துவிடலாமா என்பது. முதல் தடவை சிவப்பு வந்தது. அம்மா முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். மூன்று தடவை கேட்டால்தான் கணக்கு என்றார். அடுத்த இரண்டு தடவையும் வெள்ளை வந்தது. அம்மா இன்னும் ஒரு தடவை கேட்கலாமா என்றாள். பூசாரி சிரிக்காமல் சொன்னார்:

"சாமிய எத்தன தடவைங்க எழுப்பறது? அதுக்கும் வேல இருக்குமல்லங்க."

எனக்குச் சாமி மேல் சந்தேகம் வரவில்லை; அப்பா மேல்தான் வந்தது. நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். படித்தது மெக்கானிக்கல், பிழைப்பு அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பது. முதல் விடை பிடிக்காதபோது, எத்தனை தடவை கேட்பது என்ற விதியை மாற்றினால் அந்தச் சோதனை செல்லாது என்பதை நாள் முழுக்க யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பேன். அங்கே சொல்லவில்லை. ஆனால் பூசாரியின் முதுகையும், நார் சுற்றிய இரண்டு பச்சைப் பொட்டலங்களையும் பார்த்தபடி நின்றபோது, காரின் பிளக்குகளையும் இப்படித்தானே சோதித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இத்தனை நாள் எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பூ கேட்டிருக்கிறோம்.

பிளக் விவகாரத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் சாலையில் இருக்கிறது. முன்பக்கம் அப்பாவின் மாவு மில், பின்பக்கம் நாங்கள். அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. போன ஜூனில் அவளை ஏற்காட்டுக்கு மாற்றினார்கள். இரண்டு பேருந்து மாறி, விடிவதற்கு முன் கிளம்ப வேண்டியிருந்தது. ஒரு மாதம் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள். நாற்பத்தேழு வயதில் உரிமம் வாங்கினாள். பழைய கார் ஒன்றையும் வாங்கினாள். மூன்று சிலிண்டர், பெட்ரோல், வெளுத்துப்போன வெள்ளை நிறம். அது மில் கொட்டகையின் ஓரத்தில் நின்றது. வேறு இடம் கிடையாது.

தை மாதம் வரைக்கும் கார் ஒழுங்காக மலை ஏறியது. அதற்குப் பிறகு சுணங்க ஆரம்பித்தது. சமதரையில் ஒரு குறையும் இல்லை, மைலேஜும் இறங்கவில்லை. மலையில் மட்டும் மூச்சு வாங்கியது. ஏற்காடு சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டியை அம்மா ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறக்க வேண்டியதாயிற்று. மாசி மாதத்தில் ஒரு நாள் பதினொன்றாவது வளைவில் நடுச்சாலையில் நின்றேவிட்டது. பின்னால் பேருந்து. அதன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "டீச்சரு, வண்டிய நீங்க ஓட்டறீங்களா, வண்டி உங்கள ஓட்டுதுங்களா?" என்றாராம். பேருந்தில் அம்மாவின் மாணவர்கள் இருவர் இருந்தார்கள். அதை மட்டும் அம்மா இரண்டு தடவை சொன்னாள்.

அப்பாவுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. இந்த வயதில் பழகினால் கியர் மாற்றும் கை இப்படித்தான் இருக்கும் என்றார். வண்டியிலே கோளாறு இருந்தால் தரையிலும் தெரியுமே, மலையில் மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் வண்டியைக் காட்டினோம். ஐம்பது வயதைத் தாண்டியவர், முன்னால் உதிரிபாகக் கடை, பின்னால் பட்டறை. அவர் இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து, மலைக்குப் போகிற வண்டிக்கு இரிடியம் பிளக் போட்டுவிடலாம் என்றார். சாதாரண பிளக்கைப் போல நாலு மடங்கு விலை. நுனியில் ஊசி மாதிரி மெல்லிய முனை இருக்கும், பொறி கூர்மையாக விழும், இழுவை தெரியும் என்றார். போட்டவர்கள் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை என்றும் சொன்னார்.

போட்டோம். மறுநாள் அம்மா மலையிலிருந்து போன் செய்தபோது அவள் குரலே வேறாக இருந்தது. இருபது வளைவுகளும் இரண்டாம் கியரிலேயே. ஒரு வாரம் அப்படியே ஓடியது. இரண்டாவது வாரம் கொஞ்சம் சுணக்கம். நாலாவது வாரம் பழைய கதை. பதின்மூன்று வளைவுகளில் முதல் கியர்.

"பிளக்காமா பிளக்கு. உங்காயா புது செருப்பு போட்டா நாலு நாளைக்கு நடை வேகமாத்தான் இருக்கும்" என்று அப்பா என்னிடம் சொன்னார். உங்காயா என்றது என் அம்மாவை. அவள் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் மேச்சேரிப் பேச்சு வந்தது. சித்திரை ஒன்றாம் தேதி அத்தை மகன் வந்து வண்டியை எடுத்துக்கொள்வான், அம்மா பேருந்தில் போவாள் என்றார் அப்பா. அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா என்னிடம் சொன்னாள்:

"பஸ்ஸுல போறது பெருசில்ல கண்ணு. ஒரு மாசம் போனவதான நானு. ஆனா இப்ப வண்டியக் குடுத்துட்டா, எனக்கு ஓட்டத் தெரியலன்னு முடிவாயிருமல்ல. தெரியலன்னா தெரியலன்னே இருக்கட்டும். அத யாராச்சும் பாத்துச் சொல்லோணும்."

நான் முதலில் சந்தேகப்பட்டது பிளக்கை. போலி பிளக்குகள் சந்தையில் நிறைய. புதிதாக இருக்கும்போது வேலை செய்து, மூன்றே வாரத்தில் படுத்துவிடும் பிளக் போலியாகத்தான் இருக்க வேண்டும். பாயின் கடைக்குப் போய் அதே வகையில் இன்னொரு டப்பாவை எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்தேன். பீங்கானில் அச்சிட்ட எழுத்து மங்கலா, முனை நேராக நிற்கிறதா, மரை ஒழுங்காக வெட்டியிருக்கிறதா என்று செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். பாய் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தேகப்படு பாப்பா, தப்பில்ல. டப்பாவ மட்டும் கிழிக்காத. வேற ஆளுக்கு விக்கணும்."

பிளக் அசல் மாதிரித்தான் இருந்தது. அசல் மாதிரி இருப்பதுதானே போலியின் வேலை என்று அதற்கும் ஒரு சந்தேகம் வைத்துக்கொண்டேன். ஃபீலர் கேஜ் வாங்கி, முனைக்கும் அதன் மேல் வளைந்து நிற்கும் கொம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தேன். சரியாக இருந்தது. பழைய சாதாரண பிளக்குகளையும் பாய் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார், அவற்றையும் அளந்தேன். அவையும் சரியாக இருந்தன. காப்பிப்பொடி நிறத்தில் லேசாக வெந்திருந்தன, அது ஆரோக்கியமான நிறம். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கரி இல்லை. அப்படியானால் அந்தப் பிளக்குகளை எதற்காகக் கழற்றினோம்?

காணொளிகளையும் பார்த்தேன். தமிழில் ஒருவர் இரிடியம் போட்டுவிட்டு, நாமக்கல் புறவழிச்சாலை மாதிரி ஒரு வெறும் சாலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து, வித்தியாசத்தை உணர முடிகிறது என்றார். எதை உணர்ந்தார், முன்னால் எவ்வளவு இருந்தது, பின்னால் எவ்வளவு இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. கீழே நூற்றுக்கணக்கானவர்கள் தாங்களும் உணர்ந்ததாக எழுதியிருந்தார்கள். நாலு மடங்கு விலை கொடுத்தவன் உணராமல் எங்கே போவான்? காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கி மாட்டினேன். எந்தக் கோளாறும் இல்லை என்று பச்சை விளக்கு காட்டியது. அதன் மேலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இந்த நிலையில்தான் கோயிலில் பூ கேட்டது.

மறுநாளே பட்டறைக்குப் போனேன். பழைய பிளக் மூன்று ஒரு பொட்டலம், இரிடியம் மூன்று ஒரு பொட்டலம். ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியைக் கொண்டுவந்து விடுவேன். பாய் ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுத்து மாட்ட வேண்டும். எது என்று ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். நான் பட்டறைக்குள் வரமாட்டேன். அம்மாவுக்கும் தெரியாது. ஒரு வாரம் ஓட்டுவாள். அடுத்த ஞாயிறு மற்ற பொட்டலம். இரண்டு வாரமும் முடிந்த பிறகு சீட்டுகளைப் பிரிப்போம்.

"பூ கேக்கற மாதிரியா?" என்றார் பாய். அவருக்கு அந்த வழக்கம் தெரிந்திருந்தது; பட்டறைக்கு வரும் லாரிக்காரர்களில் பாதிப் பேர் வண்டி வாங்குவதற்கு முன் பூ கேட்டவர்கள்.

"அதே மாதிரிதான். ஆனா ஒரே தடவ. பிடிக்கலன்னு திருப்பிக் கேக்க மாட்டோம்."

"சரி மா. ஆனா ஒண்ணு. என் பிளக்கு ஜெயிச்சா, உங்கப்பாகிட்ட நீதான் வந்து சொல்லணும். அவரு என் கடைய தாண்டிப் போறப்பல்லாம் மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கறாரு."

அளவு என்ன வைப்பது என்பதில்தான் நானும் அம்மாவும் கொஞ்சம் சண்டை போட்டோம். நேரத்தைக் கணக்கில் எடுக்க முடியாது, முன்னால் ஒரு லாரி வந்தால் போச்சு. கடைசியில் எத்தனை வளைவுகளில் முதல் கியர் போட வேண்டி வந்தது என்பதை மட்டும் எண்ணுவது என்று முடிவாயிற்று. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த எண்ணை எனக்கு அனுப்புவாள். வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். கையில் சாக்பீஸ் எடுப்பதற்கு முன் என்று சொன்னேன். ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொல்லும் தொனியில் சொன்னேன் போலிருக்கிறது, அம்மா முறைத்தாள்.

சீட்டுகளை எங்கே வைப்பது? சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அப்பா கை வைக்காத ஒரே இடம் அதுதான்.

முதல் வாரம் வந்த எண்கள்: சுழி, சுழி, ஒன்று, இரண்டு, இரண்டு. திங்களன்று சுழி வந்தபோது அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பதின்மூன்றிலிருந்து சுழி! இரிடியம் மாட்டியே பதின்மூன்று வந்த வண்டி இது. ஆகவே இந்தப் பொட்டலம் பழைய பிளக்காகத்தான் இருக்க வேண்டும், விலை உயர்ந்த பிளக்தான் வண்டியைக் கெடுத்திருக்கிறது என்று மனசுக்குள் பாயைக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

இரண்டாவது வாரம்: சுழி, சுழி, ஒன்று, ஒன்று, மூன்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவும் நானும் சீட்டுகளைப் பிரித்தோம். முதல் வாரம் பழசு. இரண்டாவது வாரம் இரிடியம். இரண்டு வாரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் பிளக்கால் வித்தியாசம் இல்லை. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நல்ல நிலையில் இருக்கும் பிளக்கை எடுத்துவிட்டு விலை கூடிய பிளக்கைப் போட்டால் அது நீண்ட நாள் உழைக்கலாம், இன்ஜினுக்குப் புதிதாக பலம் எங்கிருந்து வரும்? ஆச்சரியம் வேறு. அதே இரிடியம், அதே மலை, அதே அம்மா. ஒரு மாதத்துக்கு முன் பதின்மூன்று. இப்போது சுழி. நடுவில் என்ன நடந்தது?

எண்களை மறுபடி பார்த்தேன். இரண்டு வாரத்திலும் திங்கள் நன்றாக இருக்கிறது, வெள்ளி மோசமாக இருக்கிறது. அந்த இடத்தில் என் மனசு செய்த காரியத்தை மறைக்க விரும்பவில்லை. வார இறுதியில் அம்மாவுக்கு அசதி, கை தளர்கிறது, பயத்தில் முதல் கியருக்கு இறக்கிவிடுகிறாள் என்று நினைத்தேன். அதாவது அப்பா பக்கம் போய் நின்றேன். அதை அவளிடமே கேட்டும் விட்டேன். வெள்ளிக்கிழமையானால் அசதியாக இருக்கிறதா என்று.

அம்மா சீட்டுகளை மறுபடி மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள்.

"அசதின்னா திங்கக்கெழமதான் அசதி. ஞாயித்துக்கெழம பூரா ஊட்டு வேல. துணி தொவச்சது ஆரு, வாரத்துக்கும் மாவாட்டுனது ஆரு? வெள்ளிக்கெழம எனக்கு ரெக்க மொளச்சாப்ல இருக்கும். நாள சனிக்கெழமன்னு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்குக் கூடுதலாக வலித்தது. ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன்? பட்டறைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டு, முறையான சோதனை நடத்துகிறேன் என்ற பெருமையில் நின்றுகொண்டிருந்தேன்.

வண்டி ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போகிறது, திங்கட்கிழமை நன்றாக ஏறுகிறது. இதற்கு மேல் எனக்கு ஒரே விளக்கம்தான் தோன்றியது. பாய் ஏமாற்றுகிறார். நான் கொடுத்த பொட்டலங்களை ஒதுக்கிவிட்டு இரண்டு தடவையும் வேறு புது பிளக் மாட்டியிருக்கிறார். தன் சரக்கு தோற்கக் கூடாது என்று செய்திருக்கலாம், அல்லது அம்மா மேல் இருக்கும் மரியாதையில் செய்திருக்கலாம். எதுவானாலும் சோதனை கெட்டது.

சனிக்கிழமை காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். இன்றைக்கு நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் மாத்திப் போட்டேன்னு நெனக்கற."

நான் கார் சாவியை அவர் கல்லா மேல் வைத்தேன்.

"வா. நின்னு பாரு. எங்க உம்மா வந்து நின்னாலும் என் கை இப்படித்தான் வேல செய்யும்."

பானெட்டைத் தூக்கினார். பிளக் பக்கமே போகவில்லை. முதலில் கறுப்புப் பெட்டியின் கொக்கிகளைத் தட்டித் திறந்து ஏர் ஃபில்டரை வெளியே எடுத்தார். இன்ஜின் இழுக்கும் காற்றை வடிகட்டும் காகித மடிப்பு அது. அதை ஒரு கையில் பிடித்து, கம்ப்ரஸர் குழாயை மறு கையில் எடுத்தார். எடுக்கும்போதே தும்மினார். பக்கத்துப் பள்ளத்தில் இன்னொரு வண்டிக்குக் கீழே படுத்திருந்த மெக்கானிக் தும்மினார். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் தும்மிவிட்டு, டீச்சர் வண்டி வந்தாச்சா என்று கேட்டார்.

"உங்க வண்டி வந்தாலே இதான்" என்று பாய் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழாயின் விசையில் விரலை வைத்தார்.

நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஊதாதீங்க என்றேன். பெரியவர் கையைப் பிடித்துவிட்டோமே என்ற கூச்சம் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது.

"ஒவ்வொரு தடவையும் இத ஊதறீங்களா?"

"பானெட்டத் தெறந்தா ஊதறதுதான்மா. எல்லா வண்டிக்கும். எங்க அத்தா காலத்துலேர்ந்து பழக்கம். காத்துக்கு எவன் பில்லு போடுவான்? அதான் சொன்னதில்ல."

மடிப்புகளைச் செல்போன் விளக்கில் பார்த்தேன். வெள்ளைக் காகிதமாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உறைத்தது.

மாசி, பங்குனி எங்கள் மில்லுக்கு மிளகாய்க் காலம். வருடத்துக்கான மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து ஊரே கொண்டுவந்து அரைக்கும். காலை ஆறரைக்கு மில் ஓட ஆரம்பித்துவிடும். அந்தப் புகையையும் பொடியையும் வெளியே தள்ளும் மின்விசிறி, கார் நிற்கும் கொட்டகைப் பக்கம்தான் பார்த்திருக்கிறது. ஏழு மணிக்கு அம்மா காரைக் கிளப்புவாள். கிளப்பியதும் எடுக்கக் கூடாது, ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்று ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அந்த ஐந்து நிமிடமும் இன்ஜின் மிளகாய்ப்பொடியை மூச்சாக இழுத்திருக்கிறது. பிறகு மலையில் முழு மூச்சு தேவைப்படும்போது திணறியிருக்கிறது. தரையில் அவ்வளவு காற்று தேவையில்லை, அதனால் தரையில் தெரியவில்லை.

ஏன் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை? எங்கள் வீட்டில் யாரும் தும்முவதில்லை. பிறந்ததிலிருந்து பழகிய மூக்கு. விருந்தாளிகள் தும்மினால் சளியா என்று கேட்டு மிளகு ரசம் வைத்துக் கொடுக்கிறவர்கள் நாங்கள்.

பாய் ஃபில்டரையும் அலமாரியில் அடுக்கியிருந்த இரிடியம் டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப பிளக்கு மாத்தினவங்க எல்லாம் வந்து நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னாங்களே. அவங்க வண்டிக்கும் நான் ஊதித்தான குடுத்தேன்." ஒரு டப்பாவைக் கையில் எடுத்தார். "இத்தன வருசமா நான் காத்தையாம்மா வித்துட்டிருந்தேன்?"

அவரைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், அடுத்த வாரம் வேறு ஒரு வண்டிக்கு ஊதாமல் பிளக்கை மட்டும் மாற்றிப் பார்க்கப்போகிறேன் என்றார். அவருக்கும் தொற்றிக்கொண்டது.

பாய் கொடுத்த புதியதை மாட்டிக்கொண்டு, பழைய ஃபில்டரை ஊதாமலே காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மில்லில் கூட்டம் குறைந்திருந்தது. அப்பாவின் முன்னால் பழைய செய்தித்தாளை விரித்து, ஃபில்டரின் ஓரத்தை மெதுவாக ஒரு தட்டு தட்டினேன். ஒரு ஸ்பூன் அளவுக்குச் செம்பொடி விழுந்தது. காரில் இருந்தது என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்த பாத்திரத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

என் மில் மேல் பழி போடுகிறீர்களா என்றார் அப்பா. சேலத்துச் சாலையில் எத்தனை தூசி பறக்கிறது, எல்லாமா இங்கிருந்து வருகிறது என்றார். சொல்லிக்கொண்டே பொடியைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். முப்பது வருடமாகப் பொடியைத் தொட்டே பழகிய விரல்கள், அவர் வாய்க்காகப் பொய் சொல்லவில்லை.

"மல்லி கலந்திருக்குது. கொழம்பு மொளகாப்பொடி" என்றார். பிறகு, "நான் அரச்சதுதான்."

நான் இந்த இடத்தில் வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். அப்பா அப்படி நினைக்கவில்லை.

"பொடி இருக்குது, செரி. பொடி இருந்தா வண்டி இழுக்காதுன்னு ஆரு பாத்தது? அந்தப் பாய் பிளக்குன்னாரு, இழுத்துது. நீ இப்ப பொடிங்கற. நாளைக்கி இன்னொண்ணு சொல்லுவ."

கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் இரண்டு வாரமாகப் பிளக்கிடம் கேட்ட கேள்வியைத்தான் அவர் பொடியிடம் கேட்கிறார். ஃபில்டரை மட்டும் மாற்றி நான் எதையும் சோதிக்கவில்லை. அம்மா ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. அந்த ஆசை என் எண்களுக்குள் புகுந்திருக்காது என்று நானே எப்படி உறுதி சொல்வேன்?

அப்படியென்றால் நீங்களே சோதியுங்கள் என்றேன். நீங்கள் மாட்டுங்கள், நீங்களே எண்ணுங்கள்.

அம்மாதான் முதலில் ஒத்துக்கொண்டாள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"ஏனுங்க, பக்கத்துல உக்காருங்க, எண்ணுங்க. கியர் மாத்து, பிரேக் அமுத்துன்னு ஒரு வார்த்த பேசக்கூடாது. பேசுனா எத்தனாவது வளைவா இருந்தாலும் எறக்கி உட்ருவேன்."

சித்திரை ஒன்றுக்குள் சோதித்துப் பார்த்துவிட அப்பா சம்மதித்தார். இன்னும் பத்து நாள் இருக்கிறது. மேச்சேரிக்குப் போன் செய்து, வண்டியில் சின்ன வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார். இதற்கும் பூ கேட்கலாமா என்று நான் கேட்டதற்கு முறைத்தார்.

இப்போது அவர் மேசை மேல் இரண்டு காகிதப் பொட்டலங்கள் இருக்கின்றன, ஒரு நாளைக்கு ஒன்று. ஒன்றில் பொடி அடைத்த பழைய ஃபில்டர், தட்டியபோது கொட்டியதை ஒரு மெல்லிய தூரிகையால் திருப்பி மடிப்புகளுக்குள் சேர்த்துவிட்டேன். இன்னொன்றில் பாய் கொடுத்த புதியது. பொட்டலத்தை எடுக்கும்போது அப்பாவின் கைக்கு எடை வித்தியாசம் தெரியக்கூடாது என்று புதியதோடு ஒரு பிடி பொடியைத் தனியே மடித்து வைத்திருக்கிறேன். மாட்டுகிறபோது அப்பா அதை எடுத்துவிடுவார், அதன் பிறகு அவருக்கு மட்டும் எது என்று தெரியும். அவர் முகத்தைப் பார்த்து அம்மா கண்டுபிடித்துவிடுவாளோ என்பது என் புதிய சந்தேகம். இருபத்தைந்து வருடம் பார்த்த முகம். அதனால் அவர் மலை முடியும்வரை இடப்பக்க ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவருடைய எண்பது கிலோவும் வண்டிக்குச் சுமை, எனவே இரண்டு நாளும் அவர் போயாக வேண்டும்; இரண்டு நாளும் மில்லைப் பூட்ட வேண்டும். மிளகாய்க் காலத்தில் அது எளிதான காரியமில்லை. அதற்கும் தலையாட்டியிருக்கிறார்.

கார் இன்றிலிருந்து கொட்டகைக்கு வெளியே, சாலையோரப் புளியமரத்தடியில் நிற்கிறது. பிளக்குகள் அதே இரிடியம்தான், அவற்றை மாற்றவில்லை. திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கிளம்புகிறார்கள். அம்மா இந்தத் தடவை எண் அனுப்ப மாட்டாள். அப்பா அனுப்புவார். அவர் செல்போனில் தட்டச்சு செய்யப் பழகாதவர், சுழியை எங்கே தேடுவது என்று நேற்று என்னிடம் கேட்டு வைத்துக்கொண்டார்.